குண்டு ஏன் பக்கவாட்டில் போகிறது? 1000 கெஜத்தில் காற்றையும் சுழல் விலகலையும் பிரித்தறிவது

இங்கிலாந்தில் சர்ரே பக்கம் இருக்கும் பிஸ்லிக்கு 1890-இல் தேசிய ரைஃபிள் சங்கம் குடிவந்தது. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் 1000 கெஜத்தில் படுத்துச் சுடும்போது, எஃப்-கிளாஸ் (ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியைத் தாங்கியின்மேல் வைத்துச் சுடும் போட்டிப் பிரிவு) இலக்கில் ஐந்து மதிப்பெண் தரும் வளையத்தின் விட்டம் வெறும் 10 அங்குலம். கோணக் கணக்கில் சொன்னால் ஒரு எம்ஓஏ, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. வளையத்துக்கு வெளியே விழுந்த குண்டு ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரே காரணம்தான் சொல்வார்கள்: காற்று. நானும் முதல் இரண்டு பருவங்கள் அப்படித்தான் சொன்னேன். பாதி நேரம் அது உண்மையில்லை.

எல்லாக் கணக்கும் .308 துப்பாக்கிக்கு. குண்டு 155 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 10 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 900 மீட்டர் வேகம். 1000 கெஜத்தைக் கடக்க ஒன்றரை விநாடி ஆகும். குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் பள்ளம், வலச்சுற்று. உங்கள் துப்பாக்கிக்கு எண்கள் கொஞ்சம் மாறும், கண்டுபிடிக்கும் முறை மாறாது.

தொடங்குமுன் ஒன்று வேண்டும்: எழுதி வைத்த பதிவு. ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றுக்காக ஸ்கோப்பில் நீங்கள் திருப்பி வைத்த அளவு எவ்வளவு, குண்டு எங்கே விழுந்தது என்ற இரண்டும் தாளில் இருக்க வேண்டும். ஞாபகத்தை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. மோசமாகப் போன சூடு மட்டும்தான் மனதில் நிற்கும், அது எந்தக் காற்றில் போனது என்பது நிற்காது. கீழே ஒவ்வொரு தலைப்பும் நீங்கள் பார்க்கக்கூடிய ஓர் அறிகுறி.

300 கெஜத்தில் நடுவில் விழுகிறது; 1000 கெஜத்தில் காற்றே இல்லாவிட்டாலும் வலப்புறம் போகிறது

சுழல் விலகல் என்றால் பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். வலப்பக்கமாகச் சுழலும் குண்டு, பாதை கீழ்நோக்கி வளைய வளைய, தன் மூக்கைப் பாதைக்குச் சற்று வலப்புறமாக வைத்தபடி பறக்கும். அதனால் மெல்ல வலப்புறம் நகரும். பறக்கும் நேரம் கூடக்கூட இந்த நகர்வு வேகமாகக் கூடும். 300 கெஜத்தில் அரை அங்குலம்தான், கண்ணுக்கே படாது. 600 கெஜத்தில் இரண்டரை அங்குலம். 1000 கெஜத்தில் ஏறக்குறைய 8 அங்குலம்.

அதோடு பூமியின் சுழற்சியும் சேர்கிறது. பிஸ்லி இருக்கும் 51 பாகை வட அட்சத்தில், எந்தத் திசையில் சுட்டாலும் 1000 கெஜத்தில் 3 அங்குலம் வலப்புறம். இரண்டும் சேர்ந்து 11 அங்குலம், அதாவது ஒரு எம்ஓஏ-வுக்குக் கொஞ்சம் அதிகம். தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டெய்னுக்குப் போய்ச் சுட்டால் பூமிச் சுழற்சியின் பங்கு 2 அங்குலமாகக் குறைந்து இடப்புறம் திரும்பிவிடும். குழலின் முறுக்கு மாறாததால் சுழல் விலகல் மட்டும் அங்கேயும் வலப்புறம்தான். ஆக மொத்தம் 6 அங்குலம். வடக்கே பூச்சியம் வைத்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த துப்பாக்கி தெற்கே அரை எம்ஓஏ பிசகும்.

இதுவரை படித்துவிட்டு ஸ்கோப்பை நான்கு கிளிக் (ஒரு கிளிக் கால் எம்ஓஏ) இடப்புறம் திருப்பிவிடாதீர்கள். இதே அறிகுறியைக் காட்டும் இன்னொரு கோளாறு இருக்கிறது: சாய்வு.

துப்பாக்கியோ அதன்மேல் பூட்டிய ஸ்கோப்போ ஒரே ஒரு பாகை வலப்புறம் சாய்ந்திருந்தால் 1000 கெஜத்தில் குண்டு 5 அங்குலம் வலப்புறம் போகும். 100 கெஜத்திலிருந்து 1000 கெஜத்துக்குப் போக 30 எம்ஓஏ மேலே ஏற்றுகிறோம். சாய்ந்த துப்பாக்கியில் அந்த ஏற்றம் நேர் மேலே போகாமல் சற்று வலப்புறமாகப் போகும். தூரம் கூடினால் ஏற்றமும் கூடும், பிழையும் கூடும். சுழல் விலகலும் இதே வடிவத்தில்தான் வளர்கிறது. அதனால் இலக்கு அட்டையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்கும் சோதனை எளிது. 100 கெஜத்தில் ஆளுயர அட்டை ஒன்றை நிறுத்துங்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலை ஒட்டிச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் அடியில் ஒரு புள்ளியைக் குறிவைத்து மூன்று சூடு. அதே புள்ளியைக் குறிவைத்தபடி ஸ்கோப்பில் 30 எம்ஓஏ ஏற்றி இன்னும் மூன்று சூடு. மேலே விழும் மூன்று துளைகளின் கூட்டம் 80 சென்டிமீட்டர் உயரத்தில், கோட்டின்மேலேயே விழ வேண்டும். கோட்டைவிட்டு 1.4 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் ஒரு பாகை சாய்வு. 100 கெஜத்தில் சுழல் விலகல் இல்லையென்றே சொல்லலாம், ஆகவே இந்தச் சோதனையில் தெரியும் விலகல் முழுவதும் சாய்வுதான். உயரம் 80 வராமல் 77 வந்தால் ஸ்கோப்பின் கிளிக் அளவே பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சாய்வைச் சரிசெய்ய, ஸ்கோப்பின் செங்குத்துக் கம்பியைத் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டிவைத்துப் பூட்டுங்கள். அதே நிலையில் ஒரு சின்ன ரசமட்டத்தை ஸ்கோப்பில் மாட்டுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். மைதானத்துத் தரை சரிவாக இருந்தால் மனிதக் கண் அந்தச் சரிவையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். ரசமட்டம் ஏமாறாது.

சாய்வு போன பிறகும் வலப்புறம் மிச்சமிருந்தால் அதுதான் சுழல் விலகல். காற்றைக் காட்டும் மைதானக் கொடிகள் தொங்கிக் கிடக்கும் காலை நேரம் ஒன்றைப் பிடித்து 1000 கெஜத்துக்கென்று தனியாகக் காற்றில்லாப் பூச்சியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 800, 900 கெஜங்களுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். மிச்சம் இடப்புறம் இருந்தால் அது சுழல் விலகலே இல்லை. வலச்சுற்றுக் குழல் ஒருபோதும் இடப்புறம் தள்ளாது. திரும்பவும் சாய்வையும் ஸ்கோப் பூட்டையும் பாருங்கள்.

சுழல் விலகலுக்குத் திருத்தம் போட்ட பிறகு இடப்புறம் போகிறது

இரண்டு முறை திருத்தியிருக்கிறீர்கள். கைபேசியில் இருக்கும் கணக்குச் செயலி சுழல் விலகலை ஏற்கெனவே கழித்துத் தந்திருக்கும், அதன்மேல் நீங்களும் கழித்திருப்பீர்கள். அல்லது 1000 கெஜத்திலேயே பூச்சியம் வைத்திருப்பீர்கள், அதற்குள் விலகல் முழுவதும் அடங்கிவிட்டது. எங்கே கழிப்பது என்பதை ஒரே இடமாக முடிவு செய்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இடக்காற்றில் ஒரு மாதிரி, வலக்காற்றில் வேறு மாதிரி

எனக்கு அதிகம் உதவிய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், பதிவு மட்டும் போதும்.

இடமிருந்து காற்று அடித்தபோது 4 எம்ஓஏ இடப்புறம் வைத்தீர்கள், குண்டு 1 எம்ஓஏ வலப்புறம் விழுந்தது. மதியம் காற்று திரும்பி வலமிருந்து அடித்தது. 4 எம்ஓஏ வலப்புறம் வைத்தீர்கள், அப்போதும் 1 எம்ஓஏ வலப்புறமே விழுந்தது. காற்று இரண்டு திசையிலிருந்து வந்தும் பிழை ஒரே பக்கம் இருக்கிறதென்றால் அது காற்றுப் பிழை அல்ல, பூச்சியத்தின் பிழை. சுழல் விலகலைச் சேர்க்காமல் விட்டதாக இருக்கலாம், சாய்வாக இருக்கலாம். மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள்.

மாறாக, இடக்காற்றில் 1 வலப்புறமும் வலக்காற்றில் 1 இடப்புறமும் விழுந்தால் பூச்சியம் நன்றாக இருக்கிறது, காற்றின் வலிமையைத்தான் குறைத்துக் கணித்திருக்கிறீர்கள். 4 வைத்த இடத்தில் 5 வைத்திருக்க வேண்டும். எப்போதும் குறைத்தே கணிப்பவர்கள் உண்டு, நான் அந்த வகை. எப்போதும் கூட்டிக் கணிப்பவர்களும் உண்டு. பதிவைப் பார்த்தால் உங்கள் வழக்கம் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

இரண்டும் கலந்தும் வரும். இடக்காற்றில் 2 வலப்புறம், வலக்காற்றில் மிகச்சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் 1 வலப்புறப் பிழை, காற்றுக் கணிப்பில் 1 குறைவு. ஒரு பக்கம் இரண்டும் கூடிக்கொண்டன, மறுபக்கம் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. வலக்காற்றை மட்டும் பார்த்துவிட்டுத் தன் துப்பாக்கி சரியாக இருக்கிறது என்று திருப்தியாகப் போகிறவர்கள் இந்த வகையில்தான் மாட்டுவார்கள்.

காற்றின் அளவைச் சொல்லும் பட்டியலே உங்கள் குண்டுக்குப் பொருந்துகிறதா என்று கையாலேயே சரிபார்க்கலாம். காற்று குண்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் குண்டு தன் மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பிக்கொள்கிறது, காற்றுத்தடை அதைப் பின்னால் இழுக்கும்போது பக்கவாட்டிலும் இழுத்துவிடுகிறது. ஆகவே தடையால் எவ்வளவு நேரம் தாமதமானது என்பதுதான் விலகலைத் தீர்மானிக்கிறது. தடையே இல்லாவிட்டால் 914 மீட்டரை ஏறக்குறைய 1.02 விநாடியில் கடந்திருக்கும், ஆனது 1.5 விநாடி, தாமதம் 0.48. குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று என்றால் விநாடிக்கு 4.47 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 2.15 மீட்டர், அதாவது 8 எம்ஓஏ. உங்கள் பட்டியலில் இதற்கு 6 என்றோ 11 என்றோ இருந்தால் அது வேறு யாருடைய குண்டுக்கோ எழுதப்பட்டது.

பக்கத்தில் சுடுகிறவர் சொல்லும் எம்ஓஏ-வை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான். எஃப்-கிளாஸிலேயே எஃப்-ஓப்பன் என்ற பிரிவில் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியில் 180 கிரெய்ன் குண்டு வைத்திருப்பவருக்கு அதே காற்று 5 எம்ஓஏ-தான். அவரிடம் மைல் கணக்கில் கேளுங்கள், எம்ஓஏ-வாக நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சூட்டுக்கும் திருத்துகிறேன். குண்டு இப்படியும் அப்படியும் தாவுகிறது

போன குண்டைத் துரத்துகிறீர்கள்.

பிஸ்லியில் ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் மாறிமாறிச் சுடும் வழக்கம் உண்டு. நீங்கள் சுட்டதும் இலக்கு கீழே இறங்கும், குண்டு விழுந்த துளையில் வட்டக்குறி குத்தப்படும், இலக்கு மேலே வரும். பிறகு அடுத்தவர் சுடுவார், அப்புறம்தான் உங்கள் முறை. அதற்குள் காற்று மாறியிருக்கும். 1 எம்ஓஏ வலப்புறம் விழுந்ததே என்று 1 எம்ஓஏ இடப்புறம் திருப்புவது, இரண்டு நிமிடம் முன்னால் அடித்த காற்றுக்கான திருத்தம்.

நான் மாற்றிக்கொண்ட முறை இது. வட்டக்குறி தெரிந்ததும் முதல் கேள்வி, அந்தச் சூட்டுக்கு எவ்வளவு வைத்திருந்தால் நடுவில் விழுந்திருக்கும்? 3 இடப்புறம் வைத்து 1 வலப்புறம் விழுந்தால், சரியான விடை 4 இடப்புறம். அந்த 4-ஐப் பதிவில் எழுதுகிறேன். இரண்டாவது கேள்வி, அப்போது இருந்த காற்றோடு ஒப்பிட்டால் இப்போதைய காற்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கூடியிருந்தால் 4-க்கு மேலே, குறைந்திருந்தால் கீழே. திருத்தம் நான்கிலிருந்து தொடங்க வேண்டும், மூன்றிலிருந்து அல்ல.

ஏழெட்டுச் சூட்டுக்குப் பிறகு அந்த விடைகளின் வரிசையைப் பாருங்கள். 4, 4½, 3½, 5, 4 என்று இருந்தால் அன்றைய காற்று மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் ஆடுகிறது. திடீரென்று உங்கள் கை 7 வைக்கச் சொன்னால் ஒரு கணம் நிறுத்தி, உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா என்று கொடியைப் பாருங்கள். ஒரு சூட்டுக்கு 45 விநாடி கிடைக்கும். அதை முழுக்கப் பயன்படுத்துவதில் தவறில்லை.

காற்று பின்னாலிருந்துதான் வருகிறது. ஆனாலும் இரு பக்கமும் சிதறுகிறது

நேர் பின்காற்றோ எதிர்காற்றோ அடிக்கும் நாளில் திருத்தமே வேண்டாம் என்று தோன்றும். அந்த நாள்தான் மிக ஆபத்தானது. குறுக்குக் காற்றின் அளவு காற்றின் கோணத்தைப் பொறுத்தது. 30 பாகையிலேயே பாதி வலிமை குறுக்கே வந்துவிடும், 60 பாகையில் ஏறக்குறைய முழுவதும். அதாவது நேராக வரும் காற்று கொஞ்சம் திரும்பினாலே நிறைய மாறும், குறுக்கே அடிக்கும் காற்று கொஞ்சம் திரும்பினால் எதுவும் மாறாது.

மணிக்கு 12 மைல் பின்காற்று இப்பக்கம் 15 பாகை, அப்பக்கம் 15 பாகை ஆடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 மைல் குறுக்குக் காற்று, 2½ எம்ஓஏ. மொத்த வீச்சு 5 எம்ஓஏ, நாலடிக்கு மேல். வளையமோ 10 அங்குலம். இதில் சராசரி வைத்துச் சுடவே கூடாது, ஏனென்றால் அந்தச் சராசரிக் காற்று மைதானத்தில் ஒரு நொடிகூட நிற்பதில்லை. கொடி எந்தப் பக்கம் அதிக நேரம் தங்குகிறதோ அந்தப் பக்கத்துக்கான அளவை வைத்துக்கொண்டு, கொடி அங்கே வரும்வரை காத்திருந்து சுடுங்கள்.

கொடி ஒன்று சொல்கிறது, கானல் இன்னொன்று சொல்கிறது

முதலில் கொடியைச் சந்தேகப்படுங்கள். மழையில் நனைந்த கொடி கனத்துப் போய்த் தொங்கும், உள்ள காற்றைவிடக் குறைவாகக் காட்டும். காய்ந்த பிறகு அதே காற்றில் நன்றாக எழும்பும். காலையில் நனைந்த கொடியை வைத்துப் பழகிய கண் மதியம் கூட்டிக் கணிக்கும்.

கானலை, அதாவது தரைச் சூட்டில் காற்று அலையலையாக நெளிவதை, ஸ்கோப்பில் பார்க்கும்போது குவியத்தை இலக்கில் வைக்காமல், அதற்கு முன்னால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வையுங்கள். இலக்கு சற்று மங்கும், அலைகள் தெளியும். அலை மெதுவாகச் சாய்ந்து ஓடினால் மென்காற்று, படுக்கையாக ஓடினால் பலத்த காற்று. காற்று மிகவும் கூடினால் எல்லாம் ஒரே மாதிரி படுத்து ஓடும், அதற்குமேல் கானல் உதவாது, கொடிதான். உலை கொதிப்பதுபோல் நேர் மேலே எழும்பினால் குறுக்குக் காற்று இல்லை என்று பொருள். காற்றே இல்லை என்று பொருள் அல்ல, நேர் பின்காற்றிலும் கானல் அப்படித்தான் கொதிக்கும். கொதிப்பு உடையும் நேரத்தில் சுட்டுவிடாதீர்கள்.

இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுக்கு எடை அதிகம். அங்கே வாங்கிய சின்னக் கோணத்தைக் குண்டு மீதித் தூரம் முழுவதும் சுமந்துகொண்டு போகிறது. நடுவழியில் குண்டு உங்கள் பார்வைக் கோட்டைவிட 3 மீட்டர் உயரத்தில் பறக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். தரையை ஒட்டிய கானல் அந்த உயரத்துக் காற்றைச் சொல்லாது, கொடியின் மேல்பகுதி சொல்லும். இலக்கின் பக்கத்தில் பறக்கும் கொடி கண்ணைக் கவரும், ஆனால் அதன் சொல்லுக்குத்தான் மதிப்பு மிகக் குறைவு.

கூட்டம் சரிந்து விழுகிறது: இடப்புறம் போனது மேலே, வலப்புறம் போனது கீழே

உங்கள் மூச்சிலோ தோளிலோ குறை இல்லை. குறுக்குக் காற்றுக்குள் நுழையும் கணத்தில் சுழலும் குண்டு சற்று மேலோ கீழோ எகிறும். வலச்சுற்றுக் குழலில் வலக்காற்று மேலே தூக்கும், இடக்காற்று கீழே அழுத்தும். அதனால் கூட்டம் கடிகாரத்தின் பத்து மணியிலிருந்து நாலு மணிக்குச் சரிந்து கிடக்கும். 10 மைல் காற்றுக்கு ஏறக்குறைய 0.4 எம்ஓஏ, 1000 கெஜத்தில் 4 அங்குலம். காற்றுத் திருத்தம் 8 எம்ஓஏ போடும்போது உயரத்தில் ஒரு கால் எம்ஓஏ கிளிக்கையும் மாற்றுங்கள், இடக்காற்றுக்கு மேலே, வலக்காற்றுக்குக் கீழே. காற்று பலமாகத் திரும்பும் நாளில் இந்த ஒரு கிளிக் பல மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

மேலும் கீழும் மட்டும் சிதறுகிறது

காற்று அல்ல, தோட்டாவின் வேகம் மாறுகிறது. விநாடிக்கு 3 மீட்டர் வேறுபாடு 1000 கெஜத்தில் 6 சென்டிமீட்டர். வெடிமருந்து நிறுப்பதைச் சரிபாருங்கள், சுட்டுச் சூடேறிய துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்றுக்காகக் காத்திருக்காதீர்கள்.

800 கெஜத்தில் அருமை; 1000 கெஜத்தில் எல்லாம் உடைந்துபோகிறது

எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பருவம் முழுக்கக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். 800 கெஜத்தில் அவர் கூட்டம் அழகாக இருக்கும். 1000 கெஜத்தில் எந்த முறையும் இல்லாமல் நாலாபுறமும் போகும், பதிவில் இடக்காற்று வலக்காற்று என்று எந்த ஒழுங்கும் தெரியவில்லை. கடைசியில் குழியில் இலக்கைத் தூக்கி இறக்கும் வேலைக்குப் போயிருந்தபோது தன் இலக்கின் துளைகளைப் பக்கத்தில் பார்த்தார். சில துளைகள் வட்டமாக இல்லை, நீள்வட்டமாகக் கிழிந்திருந்தன. குண்டு நேராக வராமல் தலை சாய்ந்து வந்திருக்கிறது.

அவர் சுட்டது .308-க்கான பழைய வடிவ 168 கிரெய்ன் குண்டு. 300, 600 கெஜங்களில் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதன் வால் வடிவத்தால் நிலைகுலைந்துவிடும், 1000 கெஜத்துக்கு முன்பே அந்த இடம் வந்துவிடுகிறது. 155 கிரெய்ன் குண்டும் மெதுவாகக் கிளம்பினால், அதிலும் குளிர்ந்த அடர்ந்த காற்றில், இதே எல்லைக்கு வரும். பதிவில் எந்த ஒழுங்கும் தெரியாவிட்டால் காற்றைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் குழிக்குப் போய்த் துளைகளைப் பாருங்கள். அவர் குண்டை மாற்றினார். அடுத்த மாதமே அவருடைய பதிவில் இடக்காற்றும் வலக்காற்றும் தனித்தனியாகத் தெரிந்தன, பூச்சியம் முக்கால் எம்ஓஏ வலப்புறம் இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.